கத்தரியா, கொய்யாவா? பத்துக்குப் பத்தடி இடத்துக்கு ஒரு கணக்கு

வீட்டுக்குப் பின்னால் நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தால், அதில் இரண்டடி இடைவெளியில் 25 கத்தரிச் செடி நடலாம். இல்லையென்றால் ஒரே ஒரு கொய்யா வைக்கலாம். பலர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்: நடுவில் கொய்யாக் கன்று, அது தலையெடுக்கும் வரை சுற்றிலும் கத்தரி. பார்க்கச் சிக்கனமாகத்தான் தெரியும். ஆனால் கொய்யாவுக்கு இதைவிடக் கெடுதலான கூட்டு அதிகம் கிடையாது. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. அதற்குப் போகுமுன் இரண்டின் கணக்கையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

கத்தரி ரகங்கள் வயலில் ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன் வரை தரும். இரண்டடி இடைவெளி என்றால் ஒரு செடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக, 25 செடி ஐந்து மாதத்தில் 25 கிலோ. நட்ட 55, 60 நாளில் முதல் பறிப்பு வந்துவிடும். கொய்யா முதல் இரண்டு ஆண்டு எதுவும் தராது, தரவும் விடக்கூடாது. மூன்றாம் ஆண்டு கொஞ்சம் காய்க்கும். ஐந்தாறு வயதில் ஒழுங்காகக் கவாத்து செய்த, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட்ட மரத்தில் ஆண்டுக்கு 30, 40 கிலோ எதிர்பார்க்கலாம். எடையை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் தவறு எப்போது தெரியவருகிறது என்பதில்தான். கத்தரியில் செய்த தவறு பத்து நாளில் இலையில் தெரியும். அதிகம் போனால் ஒரு பட்டம் நஷ்டம். கொய்யாவில் கன்று வாங்கிய அன்று செய்த தவறு மூன்றாம் ஆண்டுதான் வெளியே வரும், அதுவரை ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் வீண். அதனால் கத்தரிக்குத் தினமும் ஐந்து நிமிடம் வேண்டும். கொய்யாவில் பெரிய வேலை வருடத்தில் நாலைந்து நாள்தான், ஆனால் அந்த நாட்களில் கண்ணும் கையும் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும்.

முதலில் கத்தரி. எந்த ரகம் என்பதை நாக்குதான் முடிவு செய்யும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியைப் பழகிய வீட்டில் வேறு எதுவும் எடுபடாது. தண்ணீர் குறைவான இடத்துக்கு பி.கே.எம் 1 நல்லது, வறட்சியைத் தாங்கும். ஒரு காயே கால் கிலோ வர வேண்டும் என்றால் எம்.டி.யு 1. ஆடிப்பட்டத்துக்கு நட வேண்டுமானால் வைகாசிக் கடைசியில், ஆனி முதலில் விதை போட வேண்டும். குழித்தட்டில் மட்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். நெருக்கிப் போட்டுத் தண்ணீரையும் கொட்டினால் நாற்று தரையோடு சாய்ந்து அழுகும். அதைத் தடுக்க விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை ஒரு சிட்டிகை கலந்து விதைத்தால் போதும். 30 முதல் 35 நாள் நாற்றுதான் சரியான வயது. 45 நாளைத் தாண்டி முற்றிய நாற்று நட்டபின் தேங்கிப்போய்ச் சீக்கிரம் பூத்துவிடும், செடி பெருக்காது. மாலையில் நடவும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து வாரம் ஒருமுறை. வளர்ப்புப் பையில் என்றால் 15 லிட்டருக்குக் குறையாத பை எடுத்து, கோடையில் தினமும் ஊற்ற வேண்டும்.

பூ உதிர்கிறதே என்று மருந்து தேடுகிறவர்கள் முதலில் ஒரு பூவைப் பறித்து நடுவில் பார்க்கட்டும். சூலகத் தண்டு மகரந்தப் பைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். உள்ளே ஒளிந்திருந்தால் அது குட்டைத் தண்டுப் பூ, என்ன தெளித்தாலும் உதிரும். செடியில் ஏற்கெனவே காய் சுமை அதிகமாகவோ சத்து குறைவாகவோ இருந்தால் இந்தக் குட்டைப் பூக்கள் கூடும். முற்றிய காயைப் பறித்துவிட்டு, செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வைத்தாலே அடுத்த சுற்றுப் பூ திருந்தும். அதற்காக யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை தளதளவென்று வரும், கூடவே தத்துப்பூச்சியும் வரும். அது பரப்புகிற சிற்றிலை நோய் வந்து, இலையெல்லாம் சுருங்கிக் கொத்தாகிப் போன செடிக்கு வைத்தியமே இல்லை. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

கத்தரியின் உண்மையான எதிரி தண்டு மற்றும் காய்த்துளைப்பான். நன்றாக இருந்த செடியில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை சாய்ந்து வாடினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டிருந்தால் அந்தப் புழு வளர்ந்து கீழே இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை காய்க்குப் போகும். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, தண்டைப் பிளந்து புழுவைக் கண்ணால் பார்த்து அழிக்க வேண்டும். வெட்டியதைச் செடியடியிலேயே போட்டால் பயனில்லை. முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்திலேயே துளைத்து உள்ளே போய்விடுவதால், அதற்குப் பிறகு எதைத் தெளித்தாலும் அதன்மேல் படாது. காயில் நாம் பார்க்கிற பெரிய ஓட்டையும் பெரும்பாலும் புழு வெளியேறிய வழிதான். உள்ளே போன வழி காம்புக்கடியில் ஊசி முனை அளவே இருக்கும். ஆகவே ஓட்டை விழுந்த காயைக் கண்டு மருந்தடிப்பது திருடன் போனபிறகு கதவடைப்பது. நட்ட 20-ம் நாளிலிருந்தே ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுக்கும் ஒரு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாரத்தில் இருமுறை கொழுந்து பார்த்து, பத்து நாளுக்கொருமுறை மாலையில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து வந்தால் பாதிக்கு மேல் காயைக் காப்பாற்றலாம். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டினால் அந்தச் சாறு. முழுக்கக் காப்பாற்றுவேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஐந்து மாதம் கழித்துக் காய்ப்பு குறைந்ததும் தரையிலிருந்து முக்காலடி விட்டு வெட்டி, உரம் வைத்து, மறுதாம்பு விடலாம், அதாவது அதே செடியை மறுபடி துளிர்த்துக் காய்க்க விடலாம். வேர் சுத்தமாக இருக்கிற செடியில் மட்டும்.

கொய்யாவில் முக்கால்வாசி வேலை நாற்றங்கால் வாசலில் முடிந்துவிடுகிறது. விதைக்கன்றை வாங்காதீர்கள், பதியம் போட்ட, அதாவது தாய் மரத்தின் கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டியெடுத்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். விதைக்கன்று காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும், பழமும் தாய் மரத்தைப் போல இருக்கும் என்று நிச்சயமில்லை. பதியங்கன்றின் அடியில் கிளையை வெட்டி எடுத்த தடம் தெரியும், அதைச் சுற்றிச் சல்லிவேர் இருக்கும். நேராக ஆணிவேர் இறங்கினால் அது விதைக்கன்று. லக்னோ 49 தமிழ்நாட்டில் எங்கும் வரும். சிவப்புச் சதை வேண்டுமென்றால் லலித் அல்லது அர்கா கிரண். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக, மண் களராக இருக்கிற இடத்துக்குத் திருச்சியில் வந்த டி.ஆர்.ஒய் (ஜி) 1 ரகம் இருக்கிறது. கார அமில நிலை 8.2 வரையிலும் கொய்யா தாங்கும். உப்புத் தண்ணீரால் கத்தரி நோஞ்சானாகிற வீட்டில் கொய்யா தழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஒரு தண்ணீர் விட்டு மண் அமர்ந்தபின் நடுங்கள். மட்காத சாணம் போட்டால் கரையான் வரும், வேரும் வெந்துபோகும். பையில் இருந்த மட்டத்துக்கே நட வேண்டும், அதற்கு மேல் தண்டைப் புதைக்கக் கூடாது. பதியங்கன்றுக்கு ஆணிவேர் இல்லாததால் ஐப்பசிக் காற்றில் சாயும். அதனால் நட்ட அன்றே கழி ஊன்றிக் கட்டிவிடுங்கள். இரண்டடி உயரத்தில் நுனியைக் கிள்ளி, நாலு திசைக்கு நாலு கிளை விட்டு, கீழே துளிர்ப்பதையெல்லாம் ஒடித்துவிட வேண்டும். முதல் இரண்டு ஆண்டு வருகிற பூவை உதிர்த்துவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் முழங்கால் உயர மரம் பழம் சுமந்தால் கிளை கட்டாது.

கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். பழைய குச்சியிலிருந்து காய் வராது. இது புரிந்தால் கவாத்து புரிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் நுனிக் கிளைகளை நாலு முதல் ஆறு அங்குலம் வெட்டினால், வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கத் துளிர்கள் வெடித்து அவற்றில் பூ வரும். பூ விட்டதிலிருந்து பழுக்க நாலு முதல் ஐந்து மாதம். மேல்நோக்கி வேல் போல ஓடுகிற கிளையை வெட்டாமல், கயிறு கட்டி வளைத்துத் தரையில் முளையடித்து இழுத்து வையுங்கள், அதிலும் துளிர் நிறைய வரும். கவாத்து செய்த கையோடு, காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரத்தை இரண்டாகப் பிரித்து மார்ச்சிலும் அக்டோபரிலும் வைக்கலாம். லிட்டருக்கு 10 கிராம் யூரியா, 5 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து அதே இரண்டு மாதங்களில் இலைமேல் தெளித்தால் மஞ்சள் படர்வது நிற்கும். காய் வெடித்தால் போரான் பற்றாக்குறை: லிட்டருக்கு 3 கிராம் போராக்ஸ்.

மழைக்காலப் பழத்தில் புழு என்றால் அது பழ ஈ. மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களை மட்டும் பிடிக்கும், வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கீழே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பதும், எலுமிச்சை அளவிலேயே காய்க்குப் பை கட்டுவதும்தான் வீட்டு மரத்துக்கு ஏற்ற வழி.

இப்போது மண்ணுக்குள். வேர்முடிச்சு நூற்புழு இரண்டுக்கும் பொது எதிரி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேருக்குள் புகுந்து உட்கார்ந்ததும் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும், நீரும் சத்தும் மேலே ஏறாது. ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம், ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஐந்து மாதக் கத்தரி என்றால் நாலைந்து தலைமுறை. கத்தரி அதைச் சுமந்துகொண்டே ஓரளவு காய்த்துவிடும். நமக்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள கொய்யாவால் அது முடியாது. இந்த நூற்புழுவில் மெலாய்டோகைன் என்டரோலோபி என்கிற இனம் கொய்யாத் தோப்புகளைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இலை செம்பு நிறமாகும், காய் சிறுக்கும், பிறகு கிளை கிளையாகக் காயும். புழு துளைத்த காயத்தின் வழியே வாடல் பூஞ்சாணமும் சேர்ந்தால் நாலு வயது மரம் சில வாரங்களில் பட்டுப்போகும். இந்தப் புழு ஊர் விட்டு ஊர் போவதே நாற்றங்கால் கன்றின் வேர்மண்ணில்தான். ஆகவே பத்துக் கன்று வாங்கும்போது ஒன்றின் பையைக் கிழித்து, வேரைக் கழுவிப் பாருங்கள். மணி கோத்தது போல வீக்கம் இருந்தால் அந்த நாற்றங்காலிலிருந்து ஒன்றுகூட வேண்டாம்.

கொய்யாவுக்கு நடுவில் ஊடுபயிர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய் வேண்டாம், நாலுமே நூற்புழுவுக்கு விருந்து. நிலக்கடலை போடலாம், கொய்யாவைத் தாக்கும் அந்த இனம் அதில் பெருகாது. குழியைச் சுற்றித் துலுக்கச் சாமந்தி நெருக்கமாக வைக்கலாம். நடும்போது வேப்பம் பிண்ணாக்கோடு 50 கிராம் பர்ப்யூரியோசில்லியம் லிலாசினம் கலந்து வைப்பதும் உதவும், முட்டைகளைத் தின்னும் பூஞ்சாணம் அது.

இரண்டும் வேண்டும், இடமோ ஒன்றுதான் என்கிறவர்கள் கத்தரியைக் கொய்யாவுக்குத் துணையாக நடாமல், முன்னோடியாக நடலாம். கொய்யா வைக்க நினைக்கும் இடத்தில் ஏப்ரல் கடைசியில் நாலு கத்தரி நாற்று மட்டும் நட்டு, 45, 50 நாளில், அதாவது புழு பெரிதாகப் பெருகுமுன், மண்ணோடு பெயர்த்தெடுத்து வேரைத் தண்ணீரில் அலசுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுள்ள சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், அதனால் மண்வெட்டி போட்டுத் தோண்டுங்கள். நாலின் வேரும் வழவழப்பாக வந்தால் ஜூன், ஜூலையில் அங்கேயே கொய்யாக் குழி எடுக்கலாம். முடிச்சு தெரிந்தால் வேர்களை எரித்துவிட்டு, அந்த இடத்தில் துலுக்கச் சாமந்தி நட்டு, அடுத்த சித்திரையில் மண்ணை நனைத்துக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஆறு வாரம் மூடிவைத்து, மறுபடி நாலு நாற்று நட்டுப் பாருங்கள். அதுவரை கொய்யாக் கன்று சுத்தமான மண் நிரப்பிய ஒரு பெரிய தொட்டியில் காத்திருக்கட்டும்.