இலையிலிருந்து பிளேட் வரை: காலா அசார் மருந்து ஆய்வில் என் அனுபவம்

"பீகார்க் காய்ச்சலுக்குப் பாளையங்கோட்டையில் என்ன ஆராய்ச்சி?" பிஎச்.டி.க்குப் பதிவு செய்த காலத்திலிருந்து சொந்தக்காரர்கள், தோழிகள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட இதைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் காலா அசார் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் பக்கத்து நோய். ஆனால் அதற்குக் காரணமான ஒட்டுண்ணியை முதலில் அடையாளம் கண்ட இருவரில் ஒருவர் சென்னையில் வேலை பார்த்தவர். 1903-இல் அங்கே அரசு பொது மருத்துவமனையில் இருந்த சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த திசுவில் அதைப் பார்த்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மனும் அதை எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று வைத்தவர் ரொனால்ட் ராஸ். அப்புறம், பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில், லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் நோய்களான லீஷ்மேனியாசிஸ், காலா அசாராக அல்லாமல் தோலில் புண்ணாக வரும் வகையில் பதிவாகியிருக்கிறது. மலை இரண்டு பக்கத்துக்கும் பொது. எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

நோயைப் பற்றிக் கொஞ்சம். கொசுவை விடச் சின்னதான மணல் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி உடம்புக்குள் போகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற செல்லுக்குள்ளேயே போய்க் குடியேறிப் பெருகுகிறது. மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும், ரத்தம் குறையும், விடாத காய்ச்சல். மருத்துவம் செய்யாவிட்டால் பெரும்பாலும் உயிரே போய்விடும். மலேரியாவுக்காவது ஆர்.டி.எஸ்,எஸ், ஆர்21 என்று இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. மனிதர்களுக்கான லீஷ்மேனியாசிஸ் தடுப்பூசி ஒன்றுகூட இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. மருந்துகள் இருக்கின்றன. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டுபிடித்த, ஆன்டிமனி கலந்த யூரியா ஸ்டிபமைன் ஒரு காலத்தில் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. பின்னால் ஆன்டிமனி ஊசிகள் பீகாரில் பெருமளவு பலிக்காமல் போயின. 2002-இல் இந்தியா அனுமதித்த மில்டிஃபோசின்தான் இந்த நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்க முடிந்த முதல் மருந்து. 28 நாள் சாப்பிட வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. கொழுப்புத் துகளில் அடைத்த ஆம்ஃபோடெரிசின் பி ஒரே தவணையில் குணமாக்குகிறது, ஆனால் நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அதனால் புது மருந்து தேடுவதை யாரும் நிறுத்தவில்லை.

நாங்கள் எடுத்தது ஒரு செடி. சேரன்மகாதேவிப் பக்கம் வாய்க்கால் கரைகளில் தானாக வளர்வது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சோதனைக் குழாயில் கிடைத்த முடிவைப் படித்துவிட்டு யாராவது அதை அரைத்துக் குடித்தால் அந்தப் பழி என்னுடையது.

என் ஆச்சிக்கு அந்தச் செடியை நன்றாகத் தெரியும். "ஏட்டி, இதைத்தான் காய்ச்சலுக்குக் கஷாயம் வச்சுக் குடிப்போம். இதுக்கு எதுக்கு இத்தன வருசம் படிக்க?" என்றாள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சீனாவில் தூ யூயூ மலேரியாவுக்கு ஒரு மூலிகையை ஆராய்ந்தபோது, கொதிக்க வைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய வைத்தியக் குறிப்பு ஒன்று, தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் எடுத்தார். ஆர்டெமிசினின் அப்படிக் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. அதனால் நாங்களும் ஆச்சி வைக்கும் கஷாயம் போல ஒன்று, அறை வெப்பத்தில் மெத்தனாலில் ஊற வைத்து ஒன்று, இரண்டு வகையாகவும் எடுத்தோம்.

இலையைக் காய வைப்பதே தனிப் பாடு. நிழலில்தான் உலர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் நிழலிலேயே சருகாகிவிடும். சாரல் காலத்தில் பறித்தால் பூஞ்சை பிடிக்கும், மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். பூவோடு ஒரு கிளையைப் பாடம் செய்து, தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் இனத்தை உறுதி செய்து, எண் வாங்கி ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் இடம்) வைத்தோம். இதைச் செய்யாமல் சோதனைக்குப் போகாதீர்கள். பின்னால் யாராவது செடி எது என்று கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

செல் சோதனைகளுக்கான வசதி வடக்கே ஒரு ஆய்வகத்தில் கிடைத்தது. லீஷ்மேனியாவுக்கு இரண்டு உருவங்கள். மணல் ஈயின் குடலில் வாலோடு நீந்தும் புரோமாஸ்டிகோட் ஒன்று. நம் செல்லுக்குள் வாலைச் சுருக்கி உருண்டையாக உட்காரும் அமாஸ்டிகோட் இன்னொன்று. முதல் உருவத்தை 25 டிகிரியில் எளிதாக வளர்க்கலாம், மலிவு, முடிவும் சீக்கிரம் கிடைக்கும். எங்கள் மெத்தனால் சாறு அவற்றைத் துப்புரவாகக் கொன்றது. கஷாயம் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். கைடு மேடம் மட்டும் அசையவில்லை. "டெட்டால் ஊத்தினாலும்தான் சாகும். உள்ளே இருக்கிறதைக் கொல்லுதா பாரு" என்றார்.

அங்கேதான் உண்மையான வேலை. மேக்ரோஃபேஜ்களைக் கண்ணாடித் துண்டில் ஒட்ட வைத்து, ஒட்டுண்ணியை உள்ளே ஏற்றி, 37 டிகிரியில் வைத்து, சாற்றைச் சேர்த்து, ஜீம்சா சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். நூறு செல்லுக்கு எத்தனை உருண்டைகள் என்று ஒவ்வொரு துண்டிலும் கண்ணால் எண்ணுவது. எந்தத் துண்டில் மருந்து, எதில் வெறும் கரைப்பான் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. நம் ஆசை கண்ணில் ஏறிவிடும். பக்கத்திலேயே, ஒட்டுண்ணி ஏற்றாத மேக்ரோஃபேஜ்களிலும் அதே சாற்றை விட்டு அவை எவ்வளவில் சாகின்றன என்று பார்க்க வேண்டும். செல்லில் பாதியைக் கொல்லும் அளவை ஒட்டுண்ணியில் பாதியைக் கொல்லும் அளவால் வகுத்தால் ஒரு எண் வரும். அது பத்துக்கு மேல் இருந்தால்தான் இந்தத் துறையில் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுடையது பத்துக்குக் கீழே இருந்தாலும் விட்டுவிடும் அளவுக்கு மோசமில்லை.

அடுத்து நோய் எதிர்ப்புப் பக்கம். இந்த நோயில் மருந்து தனியாக ஜெயிப்பதில்லை. எச்.ஐ.வி.யும் சேர்ந்து உள்ளவர்களுக்கு நல்ல மருந்து கொடுத்தும் காலா அசார் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், கூட நின்று அடிக்க டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள் போதிய அளவு இல்லாததுதான். டி செல் தூண்டினால் மேக்ரோஃபேஜ் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து உள்ளிருக்கும் ஒட்டுண்ணியைத் தானே கொல்லும். நம் சாறு அந்தத் தூண்டுதலைக் கொடுக்கிறதா என்று நைட்ரிக் ஆக்சைடு சுரந்திருந்தால் இளஞ்சிவப்பாகும் கிரீஸ் வினைப்பொருள் விட்டுப் பார்த்தோம். நன்றாக இளஞ்சிவப்பு ஏறியது. கொல்வதோடு எதிர்ப்பாற்றலையும் எழுப்புகிறது என்று எழுதத் தோன்றியது.

மேடம் கேட்டது ஒரே கேள்வி: "எண்டோடாக்சின் பார்த்தாச்சா?" வாய்க்கால் கரை இலையில் பாக்டீரியா இல்லாமல் இருக்காது. அதன் செல்சுவர்க் கொழுப்பான எண்டோடாக்சின் துளி அளவு சாற்றில் தங்கினாலும் மேக்ரோஃபேஜ் அதே இளஞ்சிவப்பைக் காட்டும். அதைப் பிடித்துக் கட்டிப்போடுவது பாலிமிக்சின் பி. அதைச் சேர்த்துத் திரும்பச் செய்தபோது நிறம் அநேகமாக மறைந்துவிட்டது. எதிர்ப்பாற்றல் என்று நாங்கள் பார்த்தது பெரும்பகுதி பாக்டீரியாவின் வேலை. ஆனால் பாலிமிக்சின் இருந்தும் ஒட்டுண்ணிகள் குறைந்தன. அந்தக் குறைவு மட்டும் செடியுடையது. மூலிகை எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதாகச் சொல்லும் ஆய்வு எதைப் படித்தாலும், இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இருக்கிறதா என்றுதான் இப்போது முதலில் தேடுகிறேன்.

மலேரியாவையும் சேர்த்தே பார்த்தோம். மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரத்தை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறை 1976-இல் டிரேகரும் ஜென்சனும் தந்தது. மனித ரத்தச் சிவப்பணுக்களோடு தட்டுகளைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சுடர் அணையப் போகும்போது மூடிவிடுவது. ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடும், ஒட்டுண்ணிக்கு அது பிடிக்கும். தினமும் வளர்ப்புத் திரவத்தை மாற்ற வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வா என்று அம்மா கூப்பிட்டபோது போக முடியாமல் போனது இதனால்தான். இங்கேயும் சாறு கொன்றது. ஆனால் ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுக்களைச் சாற்றில் வைத்து, கழுவி, அப்புறம் ஒட்டுண்ணி விட்டாலும் அது வளரவில்லை. மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுவின் வடிவமே மாறியிருந்தது. கெட்டது ஒட்டுண்ணி குடியிருக்கும் வீடு. மலேரியாப் பகுதியை அத்தோடு மூடினோம். ஆய்வேட்டில் அதையும் முழுதாக எழுதியிருக்கிறேன்.

சாற்றைப் பிரித்துப் பிரித்துப் போனதில், எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் வந்த பகுதியில் வெள்ளைத் தூளாக ஒரு பொருள் கிடைத்தது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். எடுத்தால் அர்சோலிக் அமிலம். துளசி இலையில்கூட உள்ள, உலகம் நன்றாக அறிந்த பொருள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் பல விஷயம் அதோடு விளங்கியது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பாலான செல் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆச்சி முறையில் எடுத்த கஷாயம் சோதனைத் தட்டில் (பிளேட்டில்) சும்மா இருந்ததற்கும், சிவப்பணுவின் சவ்வு மாறியதற்கும் அந்தக் குணமே போதும். ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது ஆச்சி பொறுமையாகக் கேட்டாள். கஷாயத்துக்குக் காய்ச்சல் விட்டது எப்படி என்று கேட்டாள். பல காய்ச்சல் தானாகவே விடும் ஆச்சி என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது என் ஜூனியர் ஒருத்தி அதே பொருளைக் கொழுப்புத் துகளில் அடைக்கும் வேலையில் இருக்கிறாள். ஆம்ஃபோடெரிசினைச் சிறுநீரகம் தாங்கும்படி ஆக்கியது இந்த உத்திதான், மேக்ரோஃபேஜும் அத்தகைய துகள்களைத் தானாகவே விழுங்கும். செல்லைக் கெடுக்காமல் ஒட்டுண்ணியை மட்டும் அடிக்குமா என்று மறுபடி அதே எண்ணைக் கணக்கிட வேண்டும். பத்தைத் தாண்டினால் அடுத்தது எலி போன்ற தங்கநிற ஹாம்ஸ்டர்களில் சோதனை. அதற்காக விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.