ஃபார்ம் எஃப்-இல் இல்லாத கேள்வி

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நர்ஸாக இருக்கிறேன். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள், அதாவது மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டால், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கர்ப்பிணிப் பெண்கள் தேதி சொல்ல மாட்டார்கள். "ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்னாடி சிஸ்டர்" என்பார்கள். நான் காலண்டரைப் புரட்டுவேன். அதனாலேயே முதல் மூன்று மாத ஸ்கேன்மேல் எனக்குத் தனி மரியாதை. குழந்தையின் நீளத்தை அளந்தால் நாள் கணக்கு ஒரு வாரத்துக்குள் சரியாக வந்துவிடும். கணக்கு தப்பினால், 'நாள் தாண்டிவிட்டது' என்று வீணாக வலி வரவைக்கும் நிலை வரும். உலக சுகாதார நிறுவனமும் 2016-இல் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் போதும் என்றுதான் பரிந்துரைத்தது. இங்கே மாதாமாதம் எடுத்தால்தான் நல்ல டாக்டர் என்று ஒரு நினைப்பு.

ஸ்கேனுக்கு முன் ஃபார்ம் எஃப் நிரப்ப வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என அதில் கையெழுத்து வாங்குவோம். கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி அது. தேவையான சட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் மற்றதையெல்லாம் தெரிந்துகொள்ள விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனை வீட்டில் எல்லாரும் பாப்பா முகம் பார்க்கும் விசேஷமாகத்தான் நினைக்கிறார்கள். குறை இருக்கிறதா என்று தேடும் பரிசோதனை அது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் குழந்தையின் இதயத்தில் வெள்ளைப் புள்ளி என்று ஒரு வரி. வேறு குறை எதுவும் இல்லாமல் அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனால் மாமியார் அதற்குள், "எங்க வம்சத்துல யாருக்கும் இதயக் கோளாறு கிடையாது" என்று ஆரம்பித்துவிட்டார். வயிற்றில் ஜெல்லியைக்கூடத் துடைக்காமல் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிஜமாகவே பெரிய குறை தெரிந்தால் காலமும் நெருக்கும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட நிலையில் 24 வாரம் வரை கருவைக் கலைக்க இரண்டு டாக்டர்கள் முடிவெடுக்கலாம். அதைத் தாண்டினால் மருத்துவக் குழு. ஏழாம் மாதத்தில்தான் முதல் ஸ்கேனுக்கே வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

இப்போதெல்லாம் ஐந்தாம் மாதம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "இதுல எல்லாக் குறையும் தெரியாதும்மா, தெரியறது பயப்படற மாதிரியும் இருக்கலாம். உன்கிட்ட மட்டும் சொல்லணுமா, வீட்டுக்காரரும் கூட இருக்கணுமா?" டோக்கன் கூட்டம் சேர்ந்தால் டாக்டர் முகம் சுளிப்பார். சரி, சுளிக்கட்டும். போன வாரம் ஒரு பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அத்தை மட்டும் வெளிய இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள்.