"ஃபுல் சென்ரன்ஸ், ப்ளீஸ்!"

எங்கள் ஆங்கில சேர் 'பயஸ்ட்' (பக்கம் சாய்ந்த) என்ற சொல்லைத் தனியே எழுத விடமாட்டார். "எந்தப் பக்கம்?" என்று சிவப்புப் பேனையால் வட்டம் போடுவார். எதிராகச் சாய்ந்தால் 'அகெய்ன்ஸ்ற்', ஆதரவாகச் சாய்ந்தால் 'இன் ஃபேவர் ஒவ்'. அந்த வால் இல்லாவிட்டால் அரைப் புள்ளி போச்சு. 'பார்ஷல்' இதைவிடப் பொல்லாதது. தனியே நின்றால் பக்கச்சார்பு. பின்னால் 'ரு' வந்தால் வெறும் விருப்பம். "ஐ ஆம் பார்ஷல் ரு கறுத்தக்கொழும்பான்" என்று சேர் தனக்குப் பிடித்த மாம்பழத்தை வைத்துக் கரும்பலகையில் எழுதியதை எங்கள் வகுப்பில் ஒருவரும் மறக்கவில்லை.

'பயஸ்' பழைய உருண்டை விளையாட்டான பௌல்ஸோடு வளர்ந்த சொல் என்று படமும் கீறிக் காட்டினார். லண்டனுக்கு வந்தபிறகுதான் பூங்காவில் அந்த விளையாட்டைக் கண்டேன். உருண்டையின் ஒரு பக்கம் வடிவத்தில் சற்று வேறுபட்டது; அந்தப் பக்கத்தில் சின்ன அடையாளம் இருக்கும். நேராகத்தான் உருட்டுகிறார்கள். வேகம் குறையக் குறைய அது தன் பக்கம் வளைகிறது. ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அரசி தன் விதியை நொந்து பேசுவதும் இந்தச் சாய்வை வைத்துத்தான்.

இங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் இருந்திருக்கிறேன். ஒருவருக்கு எதிராக மனம் சாய்கிறதா என்று எல்லாரும் கவனமாகப் பார்ப்பார்கள். தன் ஊர், தன் பல்கலைக்கழகம் என்று ஒருவருக்கு ஆதரவாகச் சாய்வதை அவ்வளவாகக் கணக்கெடுப்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் கூடக் கெடுதல் செய்கிறது. (பழைய மாணவர் சங்க மலரில் இதை எழுதத் துணிவு வேண்டும்தான்!)

சேருக்கு அந்த ஆதரவுப் பக்கத்தில்தான் கண். டெஸ்ட் கிரிக்கெட்டில் இரண்டு நடுவர்களும் ஆடுகிற நாடுகளைச் சேராதவர்களாக இருக்கவேண்டும் என்ற விதி 2002இல்தான் வந்தது. எங்கள் காலத்துப் பாடசாலை மட்சில் அதையெல்லாம் ஆர் கேட்டது? ஒருமுறை எங்கள் தொடக்க ஆட்டக்காரனுக்கு எல்பிடபிள்யூ கொடுத்ததும் கொட்டகைக்குள் இருந்த நாங்கள் எல்லாரும் "பயஸ்ட்! பயஸ்ட்!" என்று கத்தினோம். முன்வரிசையில் குடையோடு இருந்த சேர் திரும்பினார்.

"ஃபுல் சென்ரன்ஸ், ப்ளீஸ்!"

ஒருவன் எழும்பி நின்று, "தி அம்பயர் இஸ் பயஸ்ட் இன் ஃபேவர் ஒவ் தெம், சேர்" என்றான்.

"கிறமர் சரி," என்றார் சேர். "எல்பிடபிள்யூவும் சரி. இரு."