முதல் வாள் வளைந்துதான் வந்தது

அலமாரியில் நிற்கும் 6 அங்குல பொம்மை வீரனின் வாள் தொலைந்து ரொம்ப நாளாச்சு. நாமே வார்த்துப் பார்ப்போமே என்று ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகிவிடும் திரவ பிளாஸ்டிக்) வேலையில் இறங்கினேன்.

களிமண்ணில் வாள் செய்து, அச்சு எடுக்க அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றினேன். மறுநாள் பிரித்தால், களிமண்ணைத் தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கிறது! காரணம் கந்தகம். சில மாடலிங் களிமண்ணில் அது இருக்கும். பிளாட்டினத்தால் இறுகும் வகை சிலிக்கோனுக்கு அது ஆகவே ஆகாது. கந்தகம் இல்லாத களிமண்ணுக்கு மாறிய பிறகுதான் அச்சு உருப்படியாக வந்தது.

அச்சு இரண்டு பாதி. முதல் பாதியின்மேல் ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூசாமல் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சிலிக்கோனுக்கு சிலிக்கோன்மேல் அவ்வளவு பாசம். நல்லவேளை, இதை முன்பே படித்திருந்தேன்.

அடுத்து பாலியூரித்தேன் ரெசின். வேகமாக இறுகும் வகையைக் கலந்தால் ஊற்ற 2, 3 நிமிடம்தான் கிடைக்கும். துளி ஈரம் பட்டாலும் நுரைத்துவிடும். என் வாள் நுனியில் காற்று மாட்டி மொட்டையாக வந்தது. அங்கே மெல்லிய காற்றுப்பாதை வெட்டியதும் சரியானது. ஆனால் பொறுமையில்லாமல் சீக்கிரமே பிடுங்கியதில் வளைந்துபோச்சு. வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, அப்படியே குளிர்ந்த நீரில் போட்டேன். பிழைத்தது.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசியும் பறக்காது.

இப்போது 7 வாள் இருக்கிறது. வீரன்தான் ஒருத்தன்.