பஸ்டர் கீட்டன் தொப்பி: நான்காவது முறையில் விளிம்பு நின்றது

மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் போட்ட தட்டைத் தொப்பியைப் போல ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். நேற்றுக் காலை சமையலறைக் கடப்பாக் கல்லிலிருந்து தொப்பியை எடுத்து விளிம்பை ஒரு விரலால் சுண்டினேன். கெட்டி அட்டையைச் சுண்டினால் வருமே, அந்த 'டக்' சத்தம் வந்தது. கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். சுற்றிலும் ஒரே கோடு, எங்கும் மேடு பள்ளம் இல்லை. இதற்கு முன் மூன்று தொப்பிகள் போயிருக்கின்றன. இரண்டு மாத வேலை இது. ரிப்பன் இன்னும் தைக்கவில்லை, ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1917-இல் 'தி புட்சர் பாய்' படத்தில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளோடு முதன்முதலாகத் திரையில் வந்தபோதே கீட்டன் தலையில் தட்டைத் தொப்பிதான். கடைக்குக் கரும்புப் பாகு வாங்க வருவார். பாகு தொப்பிக்குள் போய்விடும், தொப்பி தலையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது அவருக்கு வயது 21. அதற்கு முன்பே, சின்னப் பிள்ளையிலிருந்து அப்பா அம்மாவோடு நாடக மேடைகளில் விழுந்து எழுந்து பழகியவர். அப்பா தூக்கி எறிய வசதியாக அவர் சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்களாம்.

அந்தத் தொப்பி கடையில் அப்படியே வாங்கியது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஸ்டெட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நல்ல தொப்பியை வாங்கி, வெட்டிக் குறைத்து, அவரே செய்துகொண்டது அது. 1964-இல் ஒரு பேட்டியில் பக்குவத்தையே சொல்லியிருக்கிறார். ஒரு டீ கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் 3 தேக்கரண்டி சர்க்கரை, குவித்து எடுத்தது. விளிம்பின் மேலும் கீழும் நனைக்க வேண்டும். சுத்தமான, கெட்டியான, சமமான இடத்தில் வைத்து நீவிவிட்டுக் காய விட வேண்டும். அவ்வளவுதான். முதலில் அவரே செய்தார், பிறகு அவர் மனைவி அந்த வேலையைக் கற்று எடுத்துக்கொண்டார்.

ஆவி காட்டுவது, நெற்றியில் படும் உள்பட்டையைப் பிரிப்பது, தலையை மூடும் மேல்பகுதியை அமுக்குவது எல்லாம் தொப்பி வேலை செய்பவர்களுக்குத் தெரியும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மேல்பகுதியின் உயரம் 3 அங்குலம், விளிம்பு 2 அங்குலம் என்று வைத்தேன். என் தலைக்கு அது பொருந்துகிறது. இனி விளிம்புக்கு வருகிறேன், ஏனென்றால் மொத்தச் சிரமமும் அங்கேதான்.

முதல் தொப்பியில் சொன்ன அளவுப்படியே சர்க்கரைத் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் மேல்பக்கம் மட்டும் பூசினேன். ஊறி இறங்கிவிடும் என்று நினைத்தேன். ஒட்டுப்பலகையில் வைத்து, மேலே நான்கு புத்தகங்களைப் பாரமாக அடுக்கினேன். காய்ந்தபோது மேல்பக்கம் மட்டும் இழுத்து, விளிம்பு அப்பளம் போல மேலே சுருண்டுவிட்டது. பாரம் வைத்த இடங்களில் ஈரம் வெளியேற வழியில்லாமல் தடம் விழுந்தது. பலகையின் ரேகையும் அடியில் பதிந்துவிட்டது.

இரண்டாவதுக்குக் கெட்டியாக வேண்டும் என்று சர்க்கரையைக் காய்ச்சி ஒரு கம்பிப் பதத்தில் பூசினேன். அம்மா பார்த்துவிட்டு, "பாகு காய்ச்சினா பூத்துப் போகும்டா, கரைச்ச தண்ணியே போதும்" என்றார். அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, வளைத்தால் பொருக்கு உதிர்ந்தது. மூன்றாவதில் பருத்திப் புடவைக்குப் போடும் கஞ்சி. விறைப்பு நன்றாகவே வந்தது, ஆனால் கறுப்பு ஃபெல்ட்டில் (முடியை அமுக்கிச் செய்யும் தொப்பித் துணி) சாம்பல் படலம் போல நிற்கிறது. பிரஷ் போட்டாலும் போகவில்லை.

நான்காவதில் கீட்டன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் செய்தேன். மேலும் கீழும் என்பதுதான் உயிர்நாடி. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஈரம் இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்கும், விளிம்பு நடுவில் நிற்கும். கடப்பாக் கல்லைக் கழுவித் துடைத்து, தொப்பியை அதன்மேல் வைத்தேன். உள்ளேயிருந்து வெளியே, உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்தேன், சுற்றிச் சுற்றிப் பத்துப் பதினைந்து தடவை. பாரம் எதுவும் வைக்கவில்லை. மின்விசிறி இரவு முழுக்க ஓடியது. கல்லின் நான்கு பக்கமும் மஞ்சள்தூள் கோடு போட்டேன், எறும்புக்காக.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தை நெருங்கினால் சர்க்கரை தானாகவே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். லாஸ் ஏஞ்சலஸின் வறண்ட காற்றில் அவருக்கு அந்தத் தொல்லை அதிகம் இருந்திருக்காது. கடலோரத்தில் இருப்பவர்கள் தொப்பியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். தொப்பிக்காரர்கள் வழக்கமாகப் பூசும் அரக்கு இந்த ஈரத்தைத் தாங்கும், மர பாலிஷ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஆனாலும் எனக்குக் கீட்டன் வழியிலேயே செய்ய ஆசை.

ஃபெல்ட் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மூன்றும் கம்பளி ஃபெல்ட். இணையத்தில் ஒரு கடையில் 'முயல்முடி' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், ஆவி காட்டியதும் ஒரு அளவு சுருங்கியது. கோபம் இன்னும் ஆறவில்லை. நான்காவது உண்மையான முயல்முடி ஃபெல்ட், பழைய சாமான் கடையில் கிடைத்த பழைய தொப்பி. நெருக்கமான முடி, வெட்டிய ஓரம் பிசிறு தட்டவே இல்லை. ரிப்பனை ரவிக்கை லேஸ் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விறைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று இதைச் செய்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கீட்டன் முகத்தில் சிரிப்பு வராது. தலை கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த நேர்க்கோடு சாய்ந்து காட்டிவிடும். தொளதொள விளிம்பில் அந்தச் சாய்வு தெரியாது. 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் தொப்பிக் கடைக் காட்சி ஒன்று உண்டு. அப்பா தொப்பி மாற்றித் தொப்பி மகன் தலையில் வைத்துப் பார்ப்பார். நடுவில் அந்தத் தட்டைத் தொப்பி வந்ததும் கீட்டன் சட்டென்று கழற்றி எறிந்துவிடுவார். வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்ந்து, ஜன்னல் இடைவெளியில் அவர் அசையாமல் நிற்கும் காட்சியும் அதே படத்தில்தான். அதே ஆண்டு எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்குப் போனார், படத்தின் பிடி மெல்ல மெல்லக் கைவிட்டுப் போனது, 1933-இல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். தொப்பி மட்டும் அவரை விடவில்லை. கனடா முழுக்கத் தண்டவாள வண்டியில் போகும் 'தி ரெயில்ராடர்' 1965-இல் வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி அவர் இறந்தார். அந்தப் படத்திலும் தலையில் அதுதான்.

அடுத்து 'அவர் ஹாஸ்பிடாலிட்டி' படத்தின் உயரத் தொப்பியைச் செய்ய நினைக்கிறேன். 1923-இல் வந்தது, கதை நடப்பது 1830-களில். ரயில் பெட்டியின் தாழ்ந்த கூரையில் அது இடித்து நசுங்கிக்கொண்டே இருக்க, அலுத்துப்போய்த் தட்டைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். அந்த உயரத்துக்கு பக்ரம் என்ற விறைப்பான துணி வேண்டும், வடிவம் கொடுக்க மர அச்சு வேண்டும். தச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதற்குள் நான்காவதின் ரிப்பனைத் தைத்துவிட வேண்டும். முடிச்சு இடது காதுக்கு மேலே வர வேண்டும் என்பதால் குண்டூசி குத்தி அடையாளம் வைத்தாயிற்று. ஊசி இறங்கும்போது விளிம்பில் விரல் ஈரம் படக்கூடாது, அதனால் மழை விட்ட பிறகுதான் உட்காரப் போகிறேன்.