சந்தை நாளில் பத்து நிமிடம்

2016 நவம்பர் 9, புதன்கிழமை. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது என்று அறிவித்திருந்தார். புதன்கிழமை வங்கிகளில் பொதுமக்களுக்குச் சேவை கிடையாது. ஆனால் நாங்கள் எட்டுப் பேரும் வந்திருந்தோம். டெல்டாவில் ஒரு சின்ன ஊர்க் கிளை அது. மேனேஜர், உதவி மேனேஜராக நான், விவசாயக் கடன் பார்க்கும் அதிகாரி, இரண்டு கேஷியர்கள், ஒரு கிளார்க், சப்-ஸ்டாஃப் அண்ணன், ஒப்பந்தத்தில் வந்த காவலாளி. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். அதற்குக் கீழே அவ்வப்போது ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மாத்த முடியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

காலையிலேயே மேலிடத்திலிருந்து கான்ஃபரன்ஸ் கால். நாற்பது நிமிடம். வரலாற்றுத் தருணம், நாடே நம்மைப் பார்க்கிறது, இது சோதனையல்ல வாய்ப்பு என்றெல்லாம் பேசினார்கள். மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பாஸ்புக் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் புதுப் பணம் எவ்வளவு வரும் என்று ஏதோ ஒரு கிளையிலிருந்து ஒருவர் கேட்டார். "பாசிட்டிவா இருங்க" என்று பதில் வந்தது.

கால் முடிந்ததும் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கேபினுக்குள் இல்லை. கேஷ் கவுண்டருக்கு வெளியே, வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்றபடியே பேச்சு. அடுத்த பதவியில் இருக்கும் என்னைத்தான் முதலில் கேட்பார் என்று நான் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவர் சப்-ஸ்டாஃப் அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, நாளைக்குக் கூட்டம் எப்படி வரும்? நீங்க சொல்லுங்க."

அண்ணன் முப்பது வருஷமாக அதே கிளை. மீட்டிங் என்றால் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவதுதான் அதுவரை அவர் வேலை. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு வியாழக்கிழமை சார். சந்தை. காய்கறிக்காரம்மா எல்லாம் ஏழு மணிக்கே கூடையோட வந்துரும். பதினொன்றரை பஸ்ஸை விட்டா அப்புறம் ரெண்டு மணிக்குத்தான் வண்டி."

எங்களில் ஒருவருக்கும் சந்தை ஞாபகம் இல்லை. நாங்கள் சுற்றறிக்கைக்குள் இருந்தோம். ஆளுக்கு 4,000 ரூபாய்வரை மாற்றலாம், படிவம் வேண்டும், அடையாள அட்டை நகல் வேண்டும். நகல் என்றதும் காவலாளி வாயைத் திறந்தார். ஊரில் ஜெராக்ஸ் கடை ஒன்றுதான், அதுவும் ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள். மேனேஜர் அங்கேயே கடைக்காரருக்குப் போன் போட்டு ஏழு மணிக்குத் திறக்கச் சொன்னார். சந்தைக்காரர்களுக்குத் தனி வரிசை, பழைய சலான்களின் பின்பக்கத்தில் டோக்கன். என் குறிப்பில் இருந்த ஒன்பது அம்சங்களில் இரண்டுதான் கடைசியில் தேறின.

கலைவதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னார். "நாளைலேருந்து கேஷ்ல ஷார்ட் வரும். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தா அன்னிக்கே என்கிட்ட சொல்லிடுங்க. ராத்திரி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க."

மொத்தம் பத்து நிமிடம்.

வங்கியில் வேலை பார்க்காதவர்களுக்கு இந்த 'ஷார்ட்' எவ்வளவு பெரிய பயம் என்று தெரியாது. மாலையில் கணக்குப்படி இருக்க வேண்டிய பணமும் பெட்டியில் இருக்கிற பணமும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கேஷியர் கைக்காசு. கூடினால் அது வங்கிக் கணக்கு. எங்கே தவறியது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஏடிஎம்மில் எடுத்துவந்து சத்தமில்லாமல் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வந்த நாட்களை விவரிக்கப் போவதில்லை, எல்லோரும் வரிசையில் நின்றவர்கள்தானே. விதிகள் மாறிய வேகத்தை மட்டும் சொல்கிறேன். 4,000 என்பது 4,500 ஆனது, பிறகு 2,000 ஆனது, நவம்பர் 24-ஆம் தேதியோடு மாற்றிக் கொடுப்பதே நின்றது. நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று வந்தபோது, சம்பாவுக்கு உரம் வாங்க நின்ற விவசாயிகளும் எங்கள் வாசலுக்கே வந்தார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்திருந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்து விதியைப் படித்துக் காட்டுவது எளிதாக இல்லை. தினமும் காலையில் அதே இடத்தில் அதே பத்து நிமிடம் நின்று பேசினோம். நேற்று எங்கே இடித்தது, இன்று என்ன மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் இளைய கேஷியருக்கு ஆறாயிரம் குறைந்தது. வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆன பெண். முன்பெல்லாம் ஆறாயிரம் குறைய வேண்டுமென்றால் ஆறு ஆயிரம் ரூபாய் நோட்டாவது கை தவற வேண்டும், இப்போது மூன்று இரண்டாயிரம் போதும். இரவு எட்டரை. மூன்று தடவை எண்ணிவிட்டாள். மேனேஜர் கேபினிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய நோட்டுக் கட்டுகளுக்கு நடுவே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இருவருமாக இன்னொரு முறை எண்ணினார்கள். பத்து மணிக்கும் ஆறாயிரம் குறைந்துதான் இருந்தது. விதியை அவரால் மாற்ற முடியாது. பாதியைத் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டார். ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதும், "உங்கம்மா நம்பர் எனக்கு எதுக்கும்மா?" என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை அவரே அதைப் பேச்சில் எடுத்தார். அவள் பெயரைச் சொல்லவில்லை. "நேத்து நமக்கு ஆறாயிரம் ஷார்ட்" என்றார். அந்த 'நமக்கு' காதில் விழுந்ததும் மூத்த கேஷியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர், கேஷில் தவறே செய்யாதவர் என்று பெயரெடுத்தவர்.

"எனக்கும் முந்தாநாள் ரெண்டாயிரம் போச்சு சார். கையிலேருந்து போட்டுட்டேன். புது நோட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிது. ஓரத்தை மடக்கி விட்டுத்தான் எண்ணணும்."

அதைச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறாயிரம் போயிருக்காதே என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் நான் அவருக்குப் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அன்று முதல் கட்டைப் பிரித்ததும் விசிறிபோல் விரித்து, ஓரத்தை மடக்கிவிட்டு எண்ணினோம். மாற்றிக் கொடுக்கும் வேலை முடிகிறவரை மறுபடி பெரிய ஷார்ட் வரவில்லை.

2018-ல் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வேறு ஊரில் கிளை மேனேஜர். மாதாமாதம் ரெவ்யூ மீட்டிங் போக வேண்டும். ஒரு ரெவ்யூவில் மேலதிகாரி ஒருவர் திரையில் ராக்கெட் படம் போட்டார். அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதைதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநரான கலாமைப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே போய்ப் பழியை ஏற்றார். 1980 ஜூலை 18-ல் வெற்றி பெற்றதும் கலாமைப் பேசச் சொன்னார். அதிகாரி நன்றாகவே சொன்னார், அரங்கில் கைதட்டல். முந்திரி பக்கோடாவும் காபியும் வந்து போனபின் அதே அதிகாரி, இன்சூரன்ஸ் பாலிசி இலக்கை எட்டாத கிளை மேனேஜர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார். ஏன் முடியவில்லை என்று மைக்கில் விளக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் ஐம்பது வயதுக்காரர். மைக் பிடித்த கை நடுங்கியது. தவான் படம் திரையில் அப்படியே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அந்த அதிகாரியைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் பெரிதாக இல்லை. என் கிளையில் நானும் தினமும் காலை பத்து நிமிடம் நின்று பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். கவுண்டருக்கு வெளியே, அதே மாதிரி. சப்-ஸ்டாஃபைத்தான் முதலில் கேட்பேன், அதே மாதிரி. வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு பொன்மொழி வேறு. மூன்று மாதம் ஓடியது. எல்லோரும் வந்து நின்றார்கள், தலையாட்டினார்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் சமயம். கூட்டத்தை எப்படிச் சமாளிக்கலாம் என்று கேட்டேன். கிளார்க் ஒருத்தி ஏதோ சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு, முந்தின இரவே எழுதி வைத்திருந்த ஏற்பாட்டைப் படித்தேன். மாடிக்கு ஏற முடியாத பெரியவர்களைப் பற்றித்தான் அவள் சொல்லியிருக்கிறாள். என் ஏற்பாட்டில் சான்று வாங்கும் மேசை மாடியில் இருந்தது.

அன்று மாலை அவள் வவுச்சர்களைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "மேடம், நீங்க கேள்வி கேக்குறீங்க. பதிலைத்தான் கேக்க மாட்டேங்கிறீங்க."

சுருக்கென்று இருந்தது. இரண்டு நாள் அவளிடம் வேலை தவிர வேறெதுவும் பேசவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் நாள் மேசையைக் கீழே இறக்கினோம். பொன்மொழியை நிறுத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன மாதம் பழைய மேனேஜருக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறார். அந்த முதல் நாள், என்னையும் மற்ற அதிகாரியையும் விட்டுவிட்டு, அண்ணனை முதலில் கேட்டது ஏன் என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன். ஏதோ பெரிய யோசனை இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"யோசனையா? ராத்திரி பூரா தூங்கலைம்மா. காலைல என்ன பண்றதுன்னு ஒண்ணும் தெரியலை. உன் கையில குறிப்பெழுதின நோட்டு இருந்துது, உனக்கு எல்லாம் தெரியும்னு பட்டுது. தெரியாதவங்க யாராவது இருந்தா பேசலாமேன்னு அவரைப் பாத்தேன். அவருக்குத்தான் தெரிஞ்சிருந்துது."

சிரித்தார். பிறகு, அந்த ஊர்ச் சந்தை இன்னும் வியாழக்கிழமைதான் கூடுகிறதா என்று கேட்டார்.