குறுங்குழல் ரிவால்வரில் வெற்றுக் கோதுகளை வெளியேற்றுதல்: செய்முறைப் பரீட்சைக்குத் தயாராவோருக்கு

தோட்டத்துச் சம்பளப் பணத்துக்குக் காவலாகச் செல்லும் வேலைக்காக நான் ஆயுதக் கையாளுகைப் பரீட்சைக்குத் தோற்றியபோது, முதல் தடவை சித்தியடையவில்லை. குறி தவறவில்லை. ஐந்து ரவைகளையும் சுட்டு முடித்து, மீண்டும் நிரப்புவதற்காகச் ஐந்து அறைகள் கொண்ட சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து, கோதுகளை வெளியே தள்ளும் தண்டை அழுத்தியபோது நான்கு கோதுகள் விழுந்தன. ஐந்தாவது பாதி வெளியே வந்து தொங்கி நின்றது. பதற்றத்தில் தண்டை மறுபடியும் அழுத்தினேன். அந்தக் கோது, கோதுகளின் விளிம்பைப் பிடித்துத் தூக்கும் நட்சத்திரத் தகட்டின் அடியில் நழுவிச் சிக்கிக்கொள்ள, எனக்குரிய நேரமும் முடிந்துவிட்டது.

பின்னர் அளந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. .38 ஸ்பெஷல் ரவையின் கோது ஏறத்தாழ 29 மில்லிமீற்றர் நீளமானது. 2 அங்குலக் குழலின் கீழ் நீண்ட தண்டுக்கு இடமில்லாததால், நான் பயின்ற ரிவால்வரில் தண்டு கோதை 20 மில்லிமீற்றர் அளவே தள்ளியது. மிகுதித் தூரத்தைக் கோது தன் வேகத்தாலும் எடையாலும் கடந்தாக வேண்டும். ஆகவே குழல்வாய் கிடையாக இருக்க, பெருவிரலால் மெல்ல அழுத்துவது இவ்வகை ரிவால்வருக்குப் பொருந்தாது. நுவரெலியாக் காலைக் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும்போது அந்த அழுத்தம் இன்னும் குறைந்துவிடும்.

சுட்டுவிரலை விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே எடுத்த பின்னரே சிலிண்டரைத் திறக்க வேண்டும். இடது கையின் நடு விரல்கள் இரண்டையும் சட்டத்தினூடாகச் செலுத்தி, சிலிண்டர் ஆடாதபடி பெருவிரலால் பிடித்து, குழல்வாயை நேர் மேலே நிமிர்த்துங்கள். பிறகு வலது உள்ளங்கையால் தண்டின் தலையில் ஒரே தடவை, முழுத் தூரமும் இறங்கும்படி ஓங்கித் தட்டுங்கள். இரண்டு மூன்று முறை குத்துவதுதான் நான் செய்த பிழை. முதல் தட்டில் பாதி வந்த கோது, தகடு மீண்டும் உள்ளே இறங்கும்போது அதற்கு அடியில் போய்விடுகிறது. குழலை மேல்நோக்கிப் பிடிக்க அனுமதியுண்டா என்பதைச் சுடுதள அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பயிற்சி சிங்களத்திலேயே நடந்தது. விளங்காததைக் கேட்கக் கூச்சப்பட்டு நான் இழந்தது அதிகம்.

குழல்வாயை நிமிர்த்துவதில் இன்னொரு பயனும் உண்டு: எரியாத வெடிமருந்துத் துகள்கள் கோதுகளுடன் சேர்ந்து கீழே கொட்டிவிடும். வாய் தாழ்ந்திருந்தால் அவை தகட்டின் அடியில் தங்கும். தகடு சரியாகப் படியாமல், சிலிண்டர் மூடுவதே கடினமாகும்.

கோது சிக்கிவிட்டால், தண்டை முழுவதும் அழுத்திப் பிடித்தபடியே நகத்தால் அதை அறையிலிருந்து நெம்பி எடுங்கள். தண்டை விட்டுவிட்டு இழுக்காதீர்கள்.

சுடும்போது பித்தளைக் கோது விரிந்து அறைச் சுவரில் ஒட்டிப் பின் சற்றே சுருங்குவதால், அறையில் கரி படிந்திருந்தால் எவ்வளவு தட்டினாலும் கோது இறுகியே நிற்கும். நம் பக்கத்து ஈரக்காற்றில் துருவும் சேரும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஐந்து அறைகளையும் தூரிகையால் தேய்த்து, தகட்டின் அடிப்பகுதியைப் பழைய பற்தூரிகையால் துடைத்து, அங்கே எண்ணெய் தேங்காமல் உலரவிடுங்கள். எண்ணெய் துகள்களைப் பிடித்துவைக்கும்.

இரண்டாம் பரீட்சைக்கு முன் மூன்று வாரம், சுட்ட கோதுகளை மட்டும் அறைகளில் இட்டு, தினமும் ஐம்பது தடவை தட்டிப் பழகினேன். பரீட்சையன்று ஒரே தட்டில் ஐந்தும் சீமெந்துத் தரையில் விழுந்தன.